மறுபக்கம் வைத்த நகப்பள்ளம்

நாற்பத்தோரு வருஷம் நான் பெயர் சொல்லிக் கூப்பிடாத என் பிரியமானவருக்கு,

முதலில் ஒரு திருத்தம். துக்கம் நடந்த வீட்டுக்குக் கத்தி கொண்டுவந்தார் என்று சகுனம் பார்த்து, சந்தவாசல் கொல்லரை நான் விரட்டிவிட்டேனாம். நம் தெரு முழுக்க இதுதான் பேச்சு. நான் சகுனம் பார்த்து நீங்கள் ஒரு நாளாவது கண்டதுண்டா? செவ்வாய்க்கிழமை தறியில் பாவு ஏற்றக் கூடாது என்று உங்கள் தங்கை தடுத்தபோது, ஏற்றுங்கள் என்று சொன்னவளே நான்தான்.

அவரை நான் அனுப்பியது உண்மை. காரணம் சகுனத்தைவிட மோசமானது. வாயால் சொன்னால் ஆளுக்கொரு விதமாய் மாற்றிக்கொள்வார்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். அவர்களும் படிக்கட்டும்.

நீங்கள் போய் ஐம்பது நாள் ஆகியிருந்தது. காலையில் உங்கள் தங்கை கோதை வந்திருந்தாள். தறி ஓட்டும் பையன்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் தயங்கி நின்றார். பெயர் தணிகாசலம் என்றார்.

“ஐயா ஒரு பேனாக்கத்தி செய்யச் சொல்லியிருந்தாருங்கம்மா. முடிக்கறதுக்குள்ள சேதி வந்திச்சி. கையோட குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

நீங்கள் கத்தி செய்யச் சொன்னதே எனக்குத் தெரியாது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கையில் வாங்கினேன். உங்களுக்குத்தான் தெரியுமே, எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது. அதில் குறையே இல்லை. அலகு, லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து இழைத்தது என்றார், முகம் தெரிந்தது. பிடி, பித்தளைப் பூண் போட்ட எருமைக் கொம்பு. கொம்புக்கும் பித்தளைக்கும் நடுவே நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. மடக்கினால் டக்கென்று ஒரே சத்தம். திறந்தால் அலகு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடவில்லை. இவ்வளவு சுத்தமான கைவேலையை நான் பார்த்து வெகு நாளாயிற்று. மனதுக்குள் நூற்றுக்கு நூறு போட்டேன்.

பிறகுதான் அதைக் கவனித்தேன். மடங்கியிருக்கும் அலகை நகம் வைத்து இழுக்க ஒரு பள்ளம் இருக்குமல்லவா? எல்லாப் பேனாக்கத்தியிலும் அது ஒரே பக்கம்தான் இருக்கும். இதில் மறுபக்கம் இருந்தது.

“இவ்வளவு நல்லா செஞ்சிட்டு இதுல கோட்டை விட்டுட்டியேப்பா,” என்றேன். “நகம் எந்தப் பக்கம் வைக்கறதுன்னு கூடத் தெரியாமலா தொழில் பண்றே?”

“தப்பு இல்லீங்கம்மா.”

“தப்பு இல்லியா? நீயே திறந்து காட்டு.”

பையன்கள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. “ஐயா சொல்ல வேணாம்னாருங்க,” என்றார். நான் விடவில்லை. செய்த தவறை ஒத்துக்கொள்வதில் என்ன கௌரவக் குறைச்சல் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். நான்!

“அது இடக்கைக்காரங்களுக்குச் செஞ்சதும்மா. உங்களுக்குத்தான். ஐயா ஒரு பட்டுப் புடவைய எடுத்தாந்து, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாரு. ‘வெட்டின நூல் முனையெல்லாம் எப்படி சாஞ்சிகினு இருக்கு பாரு, இந்தக் கைக்குத் தோதா செய்யி’ன்னாரு.”

கோதை குதித்து எழுந்தாள். “இன்னா அண்ணி, நீ பீச்சாங்கையா? அப்போ சோத்தாங்கைல எனக்குப் பரிமாறினதெல்லாம் நாடகமா?”

“நான் இடக்கைக்காரி இல்லை,” என்றேன். “இவர் ஏதோ தப்பு செய்துவிட்டு, செத்தவர் மேல் பழி போடுகிறார். போகச் சொல்லுங்கள்.” ஆத்திரம் வந்தால் எனக்குப் புத்தகத் தமிழ் வந்துவிடும், பார்த்திருக்கிறீர்கள். அவர் கத்தியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, கொடுத்த டீயைத் தொடாமல் போனார்.

நடந்தது இதுதான்.

கான்வென்ட்டில் ஐந்தாம் வயதில் என் இடக்கையை முதுகுக்குப் பின்னால் ரிப்பனால் கட்டினார்கள். ஆறாம் வயதில் கட்டத் தேவைப்படவில்லை. கல்யாணத்துக்கு முன் என் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினாள்: பட்டு வியாபாரம் செய்கிற வீடு, இந்தக் கை தெரிந்தால் உன் கையால் யாரும் புடவை வாங்க மாட்டார்கள். அப்படியே இருந்தேன். கோலம், கரண்டி, கையெழுத்து, எல்லாம் வலக்கை. புடவையின் பின்பக்கம் தொங்கும் புட்டாப் பூக்களின் நூலை வெட்டும் வேலை மட்டும் வலக்கைக்கு வரவே இல்லை. பட்டு கிழிந்துவிடும் என்ற பயம். அதனால்தான் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாதி பிளேடை வைத்து இடக்கையால் வெட்டினேன். கவனம் சிதறக் கூடாது என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அதை நீங்கள் நம்பினீர்கள் என்று நான் நம்பினேன்.

கொல்லர் போன பிறகு பீரோவைத் திறந்தேன். கல்யாணமான வருஷம் எனக்கென்று நீங்கள் நெய்த அரக்குப் புடவையை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். நூல் முனைகள் எல்லாம் ஒரே சாய்வில், இடக்கைச் சாய்வில் நின்றன. அடுத்த புடவையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

கடைக்குப் போகும் ஒவ்வொரு புடவையையும் நீங்கள் பின்பக்கம் திருப்பி, விரலால் தடவிப் பார்த்துத்தானே அனுப்புவீர்கள்? அத்தனை வருஷமும், அத்தனை புடவையிலும், நான் ஒளித்ததை உங்கள் கையிலேயே கொடுத்துக்கொண்டிருந்தேனா?

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பின்னறைக்கு வரும்போது கதவுச் சங்கிலியை ஆட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பீர்கள். “வரலாமா?” என்று கேட்பீர்கள். சொந்த வீட்டில் இது என்ன மரியாதை என்று நான் கேலிகூடச் செய்திருக்கிறேன். நான் பிளேடைக் கை மாற்றிக்கொள்ள நேரம் கொடுத்தீர்களா? தெரிந்துகொண்டேதான் வெளியே நின்றீர்களா?

அன்று மதியமே கத்தியைத் திறந்தேன். இடக்கை நகம் பட்டதும் ஒரே இழுப்பில் வந்தது. வலக்கைக்கு ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்தும் வராத சுலபம். இப்போது முன்னறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நூல் வெட்டுகிறேன். முதல் நாள் கோதை எதிரிலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். “பேஜார்தான் உன்னோட. ஆனா ஜல்தியா வெட்டற அண்ணி,” என்றாள். சேத்துப்பட்டுக் கடைக்காரர் போன வாரம் என் இடக்கையிலிருந்தே புடவையை வாங்கிக்கொண்டு போனார். அவர் கவனிக்கக்கூட இல்லை. இதற்காகவா அத்தனை பயந்தேன்?

தணிகாசலத்துக்கு நான் செய்தது அநியாயம். நீங்கள் எனக்கென்று செய்யச் சொன்னதை இல்லையென்றது அதைவிட அநியாயம். வரும் ஞாயிற்றுக்கிழமை சந்தவாசல் பஸ் ஏறுவேன். அவர் பட்டறை வாசலில், நாலு பேர் கேட்க, “உங்க வேலையில தப்பே இல்லை, பொய் சொன்னது நான்” என்று சொல்வேன். இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. கோதையையும் சாட்சிக்கு அழைத்துப் போகிறேன்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். முதன்முதலில் எந்தப் புடவையில் கண்டுகொண்டீர்கள்? அன்றைக்கே ஏன் என்னிடம் சொல்லவில்லை? கனவில் வந்து சொல்ல வேண்டாம். விடிந்ததும் அதை நான் நம்ப மாட்டேன். ஒரு வரி போதும். எழுத்தில் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி