தூணோரம் உட்கார்ந்தவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருக்குமே, அம்மாவிடம் சொன்னீர்களா? நான் நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று ஆபீசில் ஒரு சின்னக் கூத்து, பயப்படாதீர்கள். ஓர் அரசு அலுவலகத்தில் மனு வாங்குவதற்கான கூடத்தை வரைந்திருந்தேன். மேடையை உயர்த்தித் தூண்களை வரிசையாக நிறுத்தினால், படத்தைப் பார்க்கிறவருக்கே குரல் தணிந்துவிடும். கூடம் எவ்வளவு பெரியது என்று தெரிவதற்காகக் கடைசியில் விரல்நுனி அளவில் சில ஆட்களை வரைவோம். என் கை தன்போக்கில் ஒருவரைத் தூணோரம் தரையில் உட்காரவைத்துவிட்டது, செருப்பைக் கழற்றி, உங்களைப் போலவே ஒரு காலை நீட்டி.

பார்வையிட வந்த அதிகாரி அவர்மேல் விரலை வைத்தார். "இது யாரு?"

எங்கள் ஆர்க்கிடெக்ட் என்னை முறைத்தார். நான் அதிகாரியிடம் சொன்னேன், "கூப்பிடுவாங்கன்னு காத்திருக்கிறவர் சார்."

"இங்க யாரும் தரையில உக்காரக் கூடாது. எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அத்தனை பெரிய கூடத்தில் மேடைமேல் அதிகாரிக்கு ஒரு நாற்காலி, அவ்வளவுதான். அந்த மனிதர் வேறு எங்கே உட்காருவார்?

யாரையும் கேட்காமல் சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு வரைந்திருக்கிறேன். மாதக் கடைசியில் படம் கையெழுத்துக்குப் போகிறது. கண்ணில் பட்டால் என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். இந்த இடத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

ஓர் உதவி. முட்டி வலிக்காமல் எழுந்திருப்பீர்களே, அந்த நாற்காலியின் உயரத்தை அளந்து போனில் சொல்லுங்கள். எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

சார் கூப்பிடுகிறார். பெஞ்சுக்கு உயரம் மட்டும்தான் இன்னும் எழுதவில்லை.

உங்கள் மகள்