எங்க கண்ணுக்குத்தான்

என் அருமைக் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்பாய், அந்த இழுவை எனக்குப் பிடிப்பதில்லை. போன வாரம் வீடியோவில் உன் கண் இரண்டும் சிவந்திருந்ததைப் பார்த்து, அழுதாயோ என்று திக்கென்றது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தால் எரியும், தலையும் வலிக்கும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாய். எனக்கு மனசு ஆறவில்லை, மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். சீட்டு எழுதுகிற பெண் யாருக்குப் பார்க்கணும் என்று கேட்டாள். உன்னைக் கூப்பிட்டுப் பழகிய வாய், எங்க கண்ணுக்குத்தான் என்றேன். அவ்வளவுதான், நர்ஸ் என்னை உட்காரவைத்து, நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்தை விட்டுவிட்டாள். அப்புறம் டாக்டரிடம், ஐயா, கண்ணு என்றால் என் மகள், தூரத்தில் இருக்கிறாள் என்றேன். அவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று.

ஆனாலும் நல்ல மனுஷன், பொறுமையாகச் சொன்னார். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டவே மறந்துவிடுகிறோமாம், அதனால்தான் காய்ந்து எரிகிறதாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கித் தூரமாக எதையாவது பார்க்க வேண்டுமாம். உன் ஜன்னலுக்கு எதிரே வெறும் சுவர் என்றாயே, எழுந்து வராந்தாவுக்குப் போ, கால் தேய்ந்துவிடாது. திரை ஒரு கை நீளம் தள்ளி, கண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். வெளிச்சம் பட்டுக் கூசினால் மேஜையைத் திருப்பிப் போடு. அப்படியும் எரிந்தால் அங்கேயே டாக்டரிடம் காட்டு, நீயாகக் கடையில் மருந்து வாங்கி விட்டுக்கொள்ளாதே. வேலை முடிந்ததும் கண்ணுக்கு ஓய்வு கொடுப்பாளா என்று அவர் கேட்டார். கொடுப்பாளே, என்னோடு வீடியோவில் பேசுவாள் என்று பெருமையாகச் சொன்னேன். அதுவும் திரைதானே என்றார்.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டபோது அந்த மருந்தின் மங்கல் போகவில்லை, உன் முகம் வெள்ளையாக ஒரு திட்டுப் போலத் தெரிந்தது. பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். அப்பா, உங்க காதுதான் தெரியுது என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! பக்கத்து அறையில் நீ இருப்பது போலவே இருந்தது. அம்மா போன பிறகு இந்த வீட்டில் குழாய் சொட்டுவதுதான் எனக்குப் பேச்சுத்துணை, ரிப்பேர் செய்யக்கூட மனசு வரவில்லை. பகலெல்லாம் உன் முகம் எப்போது வரும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், அதை மறைப்பானேன்.

அதனால் இனி வீடியோ வேண்டாம் கண்ணு. விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு பேசு. பாதியில் தூங்கிவிட்டாலும் பரவாயில்லை, நான் போனை வைக்க மாட்டேன். எனக்குக் குரல் போதும். போதாது, ஆனால் உன் கண் நன்றாக இருக்க வேண்டும்.

ஒரு குறையும் இல்லாமல் நீ நெடுநாள் நன்றாக இரு. இதைப் போனில் படம் பிடித்து வைத்துப் படிக்காதே, காகிதத்திலேயே படி, அதற்காகத்தான் கையால் எழுதினேன்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அப்பா