பேத்தி ஓட்டி வந்த கூட்ஸ் வண்டி

மார்ச் 3
பெரிய பேரன் பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர் ஆகிவிட்டான். அவன் தம்பி பல் டாக்டருக்குப் படிக்கிறான், வகுப்பில் இரண்டாவதாம். மகள் வயிற்றுப் பேரன் நீச்சலில் கப்பு வாங்கியிருக்கிறான். எல்லாருக்கும் மேலே என் மகன் பெற்ற பேத்தி. இத்தனை நாள் உதவி டிரைவர். இன்று முதல் கூட்ஸ் வண்டிக்கு அவளே டிரைவர். ஐந்தாவதோடு நின்ற நான் இதை என் கையால் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 4
தையல்காரம்மா பிளவுஸ் கொடுக்க வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.
"அந்த ஒடிசலா? அவ்வளவு நீள வண்டிய எப்படி இழுக்கும்?"
"நீங்க மட்டும் தையல் மிஷினைத் தலையில சுமந்துக்கிட்டா தைக்கிறீங்க?" என்றேன்.
பிளவுஸ் கை ஏறவே மாட்டேன் என்கிறது. வேண்டுமென்றே செய்திருப்பாளோ?

மார்ச் 6
பின்கதவைத் திறந்தால் ரயில் பாதை. காலையில் ஒரு கூட்ஸ் போயிற்று. பெட்டிகளை எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். ஒரு ஊரையே பெயர்த்துக்கொண்டு போவது போல, போய்க்கொண்டே இருந்தது. டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக நடுக்கம்.

நான் பிறந்ததே கேட் வீட்டில். அப்பா ரயில்வே கேட் கீப்பர். அப்போதெல்லாம் கரி இன்ஜின். கிட்டே வந்தால் முகத்தில் வெக்கை அடிக்கும். கரி போடுகிறவர் அடுப்புக் கதவைத் திறந்தால், உள்ளே சூரியனைப் பூட்டி வைத்த மாதிரி இருக்கும். இதை ஓட்டுகிறவர் மனுஷப் பிறவிதானா என்று வாயைப் பிளந்து நிற்பேன். அந்த இடத்தில் இன்று யார்? என் இடுப்பில் உட்கார்ந்து ஊர் சுற்றியவள்.

மார்ச் 9
பேத்தி போன் செய்தாள். "பாட்டி, என்னைத் தூரமா மாத்திட்டாங்க. இந்தப் பாதையில நாளைக்கு ஓட்டுறதுதான் கடைசி. சாயங்காலம் நம்ம வீட்டைத் தாண்டித்தான் போவேன். என் ஜன்னல் உங்க பக்கம். நல்லாப் பாத்துக்கோங்க."
அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே இரண்டு நாளாகுமாம். என் உடம்புக்கு அது ஆகாத காரியம். அவள் வண்டி ஓட்டுவதை நான் பார்க்க இந்த ஒரு தடவைதான்.

மார்ச் 10
வண்டியைப் பார்த்தேன். அவளைப் பார்க்கவில்லை.

என்ன சொல்ல — வேலியோரம் போய் நின்றேன். மருமகள் கையைப் பிடித்திருந்தாள். ஹாரன் கேட்டது. காலடியில் தரை அதிர்ந்தது. அவ்வளவுதான், கண் தானாகக் கீழே போய்விட்டது. கேட் வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தோம். வண்டி போகும்போது சக்கரத்தைப் பார்க்க வேண்டும். அச்சில் புகை வருகிறதா, ஏதாவது தொங்கி இழுபடுகிறதா என்று. மேலே பார்த்து இளித்துக்கொண்டு நின்றால் அப்பா முதுகில் ஒன்று வைப்பார்.

ஒரு சக்கரம் விடாமல் பார்த்தேன். எத்தனை சக்கரம், அம்மாடி, எவ்வளவு பாரம். ஒரு பொட்டுப் புகை இல்லை. கடைசிப் பெட்டி வந்ததும் 'எல்லாம் சரி' என்று என் கை உயர்ந்தது. கார்டு பச்சைக் கொடி காட்டிவிட்டுப் போனார். அப்போதுதான் உறைத்தது.

"அத்தை, அவ உங்களைப் பாத்துக் கைய ஆட்டிட்டே போனா. நீங்க கீழ என்னத்தத் தேடுனீங்க?" என்றாள் மருமகள்.

பாவி மனுஷி நான்.

மார்ச் 11
எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 14
பேத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள். போனில் அவள் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டேன். அவள் சிரிக்கிறாள்.
"சக்கரமெல்லாம் நல்லா ஓடுச்சா பாட்டி?"
"ஓடுச்சுடி. பூப்போல ஓடுச்சு."
"அப்புறம் என்ன? எந்த டிரைவரோட பாட்டி வண்டிய இப்படி முழுசாப் பாத்து அனுப்பியிருக்காங்க?"

புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். இன்ஜின் ஜன்னலில் உட்கார்ந்து எடுத்தது வேண்டும். சக்கரம் மட்டும் படத்தில் விழக் கூடாது. விழுந்தால் நான் அதைத்தான் பார்ப்பேன்.