நஸ்ரின் தலையும் நல்ல கிருமி ஷாம்புவும்

9 ஜூன் 2008, திங்கள்
காலையிலேயே புழுக்கம். கரண்ட் இல்லை. கடைக்குக் கிளம்பும்போது ஜமீலா உள்ளே கூப்பிட்டாள். மகள் நஸ்ரினுக்குப் பின்னல் போட உட்கார்ந்தவள், காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக் காட்டினாள். எட்டணா அளவுக்கு மொட்டை. வழவழவென்று.
"இன்னா அத்தா பாக்குற?" என்றாள் நஸ்ரின்.
"பொடுகும்மா" என்றேன்.
ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண். இனிமேல்தான் எல்லாம்.

10, செவ்வாய்
கடையில் வளையல் ஸ்டாக் வந்தது. பிரிக்கவில்லை. மேல் தட்டிலிருக்கும் அந்த ஷாம்புவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ப்ரோபயாட்டிக். ஜமீலாவின் தம்பி ரபீக் மலேசியாவிலிருந்து கொண்டுவந்தது. "தயிர்ல இருக்குற மாதிரி நல்ல கிருமி மச்சான். கெட்ட கிருமிய தொரத்தி முடிய வளத்துடும்" என்றான். நானும் அதையே சொல்லி விற்கிறேன்.
நஸ்ரினும் அதைத்தான் போட்டுக் குளிக்கிறாள். நான் கொடுத்தது. கிருமியை வாங்கி என் பிள்ளை தலையிலேயே ஊற்றினேனா?

12, வியாழன்
உச்சியில் இன்னொன்று. தலையணையெல்லாம் முடி.
பக்கத்துக் கடை டெய்லர் முருகனிடம் யாருக்கோ மாதிரி கேட்டேன். "முடி கொட்டுனா சாதாரணமா நெனைக்காத அண்ணாத்த. எங்க சித்திக்குக் கேன்சர்ல அப்டித்தான் மொத்தமா போச்சு."
ராத்திரி வீட்டுக்கு வந்து ரபீக்குக்குப் போன். "வுடாம போடு மச்சான், செட் ஆவட்டும்." கேட்டுக்கொண்டிருந்த ஜமீலா பாட்டிலை எடுத்துத் தோட்டத்தில் வீசினாள். "ஒங்க கடச் சரக்க எம்பொண்ணு தலையில டெஸ்ட் பண்ணாதீங்க."

14, சனி
பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியடில் பின்னல் அவிழ்ந்து எல்லாரும் பார்த்துவிட்டார்களாம். வந்ததும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். உள்ளிருந்து குரல்.
"அத்தா, எனக்குக் கேன்சரா? நான் செத்துருவனா?"
கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

16, திங்கள்
தோல் டாக்டர். வயதான அம்மா. லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஓரத்து முடியை இழுத்துப் பார்த்தார்.
"புழுவெட்டு. பேருதான் அப்படி, புழுவும் இல்ல, கேன்சரும் இல்ல. ஒடம்பே முடி வேர எதிரின்னு நெனச்சுத் தாக்குது."
ஜமீலா அங்கேயே அழுதாள். நான் தோட்டத்திலிருந்து பொறுக்கி வந்த பாட்டிலை நீட்டினேன்.
"இதனால வரலைங்க. இதனால போகவும் போகாது. பொடுகுக்குக் கொஞ்சம் ஒதவலாம்னு சொல்றாங்க, உறுதியா தெரியல. முடி வளரும்னு சொல்ல ஆதாரம் இல்ல. பாட்டிலுக்குள்ள அந்தக் கிருமி உசுரோட இருக்கான்னே யாருக்குத் தெரியும்?"
மொட்டையான இடங்களில் ஊசி. நஸ்ரின் என் விரலை நசுக்கிவிட்டாள்.
"திரும்ப மொளைக்குமா டாக்டர்?"
"நெறைய பேருக்கு மொளைக்கும். சிலருக்கு வேற எடத்துலயும் வரும்."
பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதில் அந்த 'சிலருக்கு'தான்.

20 ஜூலை, ஞாயிறு
மழை வரும்போல மூடிக்கொண்டு வந்து போய்விட்டது. காதுக்குப் பின்னால் பூனைமுடி, வெள்ளையாக. ஜமீலா எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னாள்.
நஸ்ரின் துப்பட்டாவை இறுக்கிப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அந்த ஷாம்புவை எடுத்து, "இது போட்டா முடி வளருமாண்ணா?" என்றாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நஸ்ரின் சொல்லிவிட்டாள்.
"வளராதுக்கா. வாசன நல்லா இருக்கும், அவ்ளோதான்."
அந்தப் பெண் சிரித்துவிட்டு ஹேர்பின் மட்டும் வாங்கிப் போனாள். மிச்ச பாட்டிலை எல்லாம் இறக்கிப் பெட்டியில் கட்டினேன்.
ராத்திரி சாப்பிடும்போது டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். நஸ்ரினின் இடது புருவத்தில் மெல்லிய இடைவெளி. நேற்று இல்லை. ஜமீலாவைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நஸ்ரின் இன்னும் கண்ணாடி பார்க்கவில்லை. "இன்னொரு தோசை போடும்மா" என்று தட்டை நீட்டினாள்.