மூலைப் படுக்கை

ஜூலை 8, திங்கள்

பச்சிளங்குழந்தைகள் வார்டில் மூன்றாவது குழந்தைக்கும் அதே கிருமி. லேப் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு நேரே வரிசையாக R. அந்த மருந்துக்கு அடங்காது என்று பொருள். கடைசியில் ஒன்றே ஒன்றுக்கு S, அடங்கும். அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கிற மருந்து. ஒன்றரைக் கிலோ உடம்பு எவ்வளவு தாங்கும்?

நான் இங்கே தொற்றுத் தடுப்பு நர்ஸாக வந்த பிறகு இப்படி எப்போதாவது ஒன்று வரும், போகும். மூன்று சேர்ந்து வந்ததில்லை. எங்கிருந்தோ பரவுகிறது. எங்கிருந்து?

ஜூலை 9

குழாய், வாஷ்பேசின், இன்குபேட்டர் கதவு, எங்கள் எல்லோருடைய கை — பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுத்து அனுப்பினேன். நர்ஸுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குற்றவாளியைத் தேடுகிறேன் என்று நினைக்கிறார்கள். இல்லை என்றேன். தேடத்தானே செய்கிறேன்?

சாயந்திரம் ஷேர் ஆட்டோவில், இறங்க வேண்டிய திருச்சானூரைத் தாண்டிப் போய்விட்டேன். கவனமே இல்லை.

ஜூலை 11

மூன்றில் ஒன்று, முனுசாமியின் குழந்தை, இறந்துவிட்டது. சத்தியவேடு பக்கம் விவசாயம் செய்கிறவர். பெண் குழந்தை, இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. "மருந்து குட்த்துக்கினேதான இருந்தீங்க, அப்புறம் ஏம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். மருந்துக்குக் கிருமி அடங்கவில்லை என்றேன். தலையாட்டினார். புரிந்து ஆட்டவில்லை.

வார்டின் தலைமை டாக்டர் ஜெயச்சந்திரனிடம் போனேன். இடம் தெரியும்வரை புதுக் குழந்தைகளைச் சேர்க்காமல் வார்டை மூடலாம் என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றுதான் எழுத வேண்டும். சுற்று வட்டாரத்தில் குறைமாதத்தில் பிறப்பவை எங்கே போகும் என்றார். நியாயமான கேள்வி. மூன்று ரிப்போர்ட்டையும் திரும்ப வாங்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ஜூலை 12

மூடியாயிற்று. முதலில் எடுத்த மாதிரிகளில் ஒன்றும் வளரவில்லை. மறுபடி எடுக்க வேண்டும். எதை விட்டேன்?

ஜூலை 13, சனி

எழுதாமல் இருக்க முடியவில்லை.

தங்கை அக்ஷயாவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. ஏழாம் மாதம்தான். புத்தலப்பட்டிலிருந்து அவள் வீட்டுக்காரர் வேணு காரில் நேராக எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்துவிட்டார். அக்கா இருக்கிற இடமாயிற்றே.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க தங்கச்சி குழந்தைய மட்டும் எடுத்துக்கலாம் சிஸ்டர். மூலைப் படுக்கையில தனியா வெச்சுப் பாத்துக்கலாம்."

சரி என்று வாய்வரை வந்துவிட்டது. மூலை என்ன மூலை? அதே காத்து, அதே கை, அதே தண்ணி. எங்கேயிருந்து வருதுன்னே தெரியலை, எந்த மூலை தள்ளி இருக்கும்? ஊரில் வேறு இரண்டு இடங்களில் கேட்டோம், வென்டிலேட்டர் காலியில்லை. வேலூரில் இருந்தது.

வேண்டாம் என்றேன். குழந்தையின் நுரையீரல் பலப்பட அக்ஷயாவுக்கு ஊசி போட வைத்துவிட்டு, வேலூருக்குப் போகச் சொல்லி அவளிடம் நானே காரணத்தோடு சொன்னேன்.

"நீ கீற எடத்துல எனக்கு எடம் இல்லியாக்கா?"

வேணு தெலுங்கில் என்னவோ முணுமுணுத்தார். கேட்காததுபோல் இருந்துவிட்டேன். ஆம்புலன்ஸில் நானும் ஏறப் போனேன். "நீ வராத" என்றாள். கதவைச் சாத்தினார்கள்.

அந்த வண்டி அவள் வீட்டைத் தாண்டித்தான் வேலூர் போகணும். வழியில பொறந்துட்டா? நான் என்ன பண்ணிட்டேன்?

ஜூலை 14

ஆண் குழந்தை. வேலூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் பிறந்தானாம். மூச்சு மெஷினில் இருக்கிறான். அம்மாவோடு அங்கே போயிருக்கிற நைனா போனில் சொன்னார். அவளிடம் கொடுங்கள் என்றேன். தூங்குகிறாள் என்றார். நைனாவுக்குப் பொய் சொல்ல வராது.

ஜூலை 17

கிடைத்துவிட்டது. ஆக்சிஜன் ஈரமாகிப் போவதற்காக வைக்கிற தண்ணீர் பாட்டில்கள். தினமும் கொட்டிக் கழுவிப் புதுத் தண்ணீர் வைக்க வேண்டும். ஆள் போதாமல், குறைந்ததற்கு மேலேயே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் அதே கிருமி, அதே R வரிசை. எல்லாப் படுக்கையிலும். மூலைப் படுக்கையிலும்.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். நான் சொன்னது சரியாகிவிட்டது. அதனால் யாருக்கு என்ன? அக்ஷயா மகன் இன்னும் மெஷினில்தான்.

ஜூலை 19

முனுசாமிக்கு யார் சொல்வது என்று கேட்டேன். நிர்வாகத்தில் தயங்கினார்கள். டாக்டர், "நானே சொல்றேன்" என்று அவரை வரவழைத்து என் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னார். மன்னிப்பும் கேட்டார்.

முனுசாமி, "தண்ணியா?" என்றார்.

எழுந்து போய்விட்டார்.

ஜூலை 22

அம்மா போனில் ஒருமாதிரி பேசினாள். சொந்தத் தங்கச்சி குழந்தையை ஒரு கண் பார்த்துக்கொள்ள முடியாதா என்று. பாட்டில் கதையைச் சொன்னேன். அதெல்லாம் அப்புறம்தானே தெரிந்தது என்றாள். ஆமாம், அப்புறம்தான் தெரிந்தது.

ஜூலை 29

மற்ற இரண்டு குழந்தைகளும் பிழைத்துவிட்டன. ஒன்றுக்குச் சிறுநீரகம் இன்னும் சரியாகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முதல் நாளே வீரியமான மருந்தைத் தொடங்கி, கிருமியை அதற்கும் அடங்காமல் ஆக்குகிற பழக்கத்தை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். நாளை வார்டு திறக்கிறது. பாட்டில்களை நானே போய்ப் பார்த்தேன். திரும்பிப் போய் இன்னொரு தரமும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அக்ஷயா கூப்பிட்டாள். அவளாகவே. குழந்தை எப்படி என்று கேட்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள். மெஷினை எடுத்துவிட்டார்களாம், டியூபில் பால் போகிறதாம்.

"இவன் பொறந்ததுலேர்ந்து நான் தூங்கவே இல்லக்கா. வேற யார்கிட்டயும் உட்டுட்டுத் தூங்க மனசு வரல. நீ வந்து ரெண்டு நாள் உக்காரு."

லீவு சொல்லிவிட்டேன். காலையில் வேலூர் பஸ்.