அந்த வாசலை மிதித்தேன்

நோர்வூட்,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். அந்த வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்றே ஜெபிக்கிறேன். என் வலது கை வீங்கியிருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும். பயப்படாதீர்கள், காரணத்தை எழுதுகிறேன்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து உங்களுக்குப் போன் எடுத்தேன். "உங்க அண்ணன்" என்றதுமே வைத்துவிட்டீர்கள். பிறகு எத்தனை தரம் அடித்தும் எடுக்கவில்லை. அனுப்பிய குரல் பதிவையும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். லீவு முடிந்து இன்று கத்தாருக்குத் திரும்பும் மதுரனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மாமா இறந்த அன்று நடந்ததை நான் மறக்கவில்லை. நாம் கிறிஸ்தவர்களாகிவிட்டதால், "வேதத்துக்குப் போனவன் பாடையத் தொடக்கூடாது" என்று தோட்டமே பார்க்க அண்ணன் உங்கள் கையைத் தட்டிவிட்டார். பெற்ற தகப்பனுக்குத் தோள்கொடுக்க முடியாமல் ஊர்வலத்தின் பின்னால் நீங்கள் தனியாக நடந்தீர்கள். அன்றைக்குத்தான், "இனி அந்த வாசல மிதிக்காத" என்று என்னிடம் சொன்னீர்கள். நான் மிதிக்கவில்லை. தண்ணீர்ப் பீலியில் அண்ணனின் மனைவி வடிவு அக்காவைக் கண்டால்கூட, நிரம்பாத குடத்தோடு திரும்பிவிடுவேன்.

நேற்று மிதித்துவிட்டேன்.

சர்ச்சில் திருவிருந்து. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகு என்ற வசனத்தைப் பாஸ்டர் வாசித்தார். பலமுறை கேட்ட வசனம்தான். நேற்று யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல இருந்தது. ஆராதனை முடியட்டும் ஆண்டவரே என்றேன். தள்ளுவது நிற்கவில்லை. இரவு என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். நீங்கள் வேண்டாம் என்பீர்கள், அந்தத் தைரியத்தில்தான் அப்படிச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. எல்லோரும் திருவிருந்துக்கு எழுந்தபோது, மகளை லெட்சுமி டீச்சரிடம் விட்டுவிட்டு வெளியே இறங்கினேன்.

அண்ணன் குடியிருக்கும் கீழ் லயத்து வீடுகளில் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். அண்ணன் கினிகத்தேனையில் கொத்து வேலைக்குப் போயிருந்தார். வீடு திறந்து கிடந்தது, அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். பின்பக்கம் தேயிலைக்குள்ளிருந்து முனகல் கேட்டது.

அக்கா விறகுக்கட்டோடு விழுந்து கிடந்தார். மேலே குளவிகள் சுற்றிக்கொண்டிருந்தன. முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. எனக்குக் கால் நகரவில்லை, அத்தான். நம் மகளை நினைத்தேன். பிறகு வாசலில் கிடந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு தவழ்ந்து போனேன். அக்காவின் தோளைப் பிடித்து இழுக்கும்போதுதான் என் கையிலும் கொட்டியது.

அக்காவுக்கு மூச்சு இரைத்தது. "நீ எங்க புள்ள இங்க?" என்று கேட்டார்.

"ஒங்களோட பேசத்தாங்க்கா வந்தேன்" என்றேன். என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

ரோட்டுக்கு ஓடி, கத்தி, ஜெயகாந்தனின் ஆட்டோவை மறித்தேன். அவரும் நானுமாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தோம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்றார் டாக்டர். ஆனால் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறதாம். இப்போது எதுவும் சொல்ல முடியாதாம். இன்று காலையில் நான் வீட்டுக்கு வரும்வரை அக்கா கண் திறக்கவில்லை.

சாயங்காலம்தான் அண்ணன் வந்தார். சட்டையெல்லாம் சீமெந்து. வார்ட்டு வாசலில் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். திட்டப்போகிறார் என்றே நினைத்தேன். என் கையைப் பார்த்து, "ஒனக்கும் கொட்டிருச்சாம்மா?" என்றார். பெஞ்சில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். நான் கேட்காமலே, "எங்கப்பாவ தம்பியும் தூக்கியிருக்கணும்மா. நாந்தான் விடல" என்று சொல்லி முகத்தைப் பொத்திக்கொண்டார். அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. மாமாவின் சாவுக்குக்கூட அவர் அழவில்லையே.

உங்கள் பேச்சை மீறிவிட்டேன். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். போனதற்கு மட்டும் வருத்தப்படச் சொல்லாதீர்கள்.

அவராக உங்களை அழைக்க மாட்டார். வெட்கப்படுகிறார். நீங்கள்தான் பேச வேண்டும். அவருடைய புது நம்பர் மதுரனிடம் இருக்கிறது. இதை வாசித்து முடித்ததும் அவனுடைய போனிலிருந்தே எடுங்கள். அவன் பக்கத்தில்தான் நிற்பான், நிற்கச் சொல்லியிருக்கிறேன். வேலை முடியட்டும், மனம் ஆறட்டும் என்று உங்களுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

அண்ணன் இப்போது தனியாக அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கஞ்சி எடுத்துக்கொண்டு நான் புறப்படுகிறேன். கர்த்தர் உங்கள் நெஞ்சைத் தொட்டு, உங்கள் வாயைத் திறக்கட்டும். அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஒருவருக்கு இன்று தம்பி வேண்டும், அத்தான்.

உங்கள் அன்பு மனைவி,
சுலக்ஷனா