செல் போதவில்லை என்று எழுதியிருந்தது

ஆர்.எஸ்.மங்கலம்
தை 28

அன்பு மகள் பூங்கோதைக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நீ வேலைக்குப் போய் வருகிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். உன் அய்யா சுகம். எனக்குக் கழுத்தில் தையல் ஆறிவிட்டது, குரல்தான் இன்னும் கரகரவென்று பாதி காற்றாகப் போகிறது. அதிகம் பேசக் கூடாது என்று மதுரை டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நீ போன் போடும்போதெல்லாம் அம்மா தூங்குது என்கிறாரே அய்யா, நான் தூங்கவில்லை, அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் பேச மனசு வரவில்லை. நெல் அறுத்தாகிவிட்டது, கண்மாயில் கடைசி வரை தண்ணீர் நின்றது. மிளகாய் பழுக்கத் தொடங்கியிருக்கிறது, என்னைத்தான் காட்டுப்பக்கம் விடுவதில்லை.

முந்தின வருஷம் ஆனியில் என் கழுத்தில் கட்டி தெரிந்தபோது நீதான் என்னை இராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் கட்டியில் ஊசி குத்திச் செல் எடுத்துப் பார்க்கும் டெஸ்ட் எடுக்க வைத்தாய். ரிப்போர்ட் உன் போனுக்கு வந்தது. அடுப்படியில் வந்து நின்று, அம்மா கேன்சர் செல் எதுவும் தெரியலையாம், பயப்படாதேன்னு சொன்னாய். நீ நர்ஸ் படித்தவள், நான் வேறு யாரைக் கேட்பேன். பத்தாம் நாள் நீ விமானம் ஏறினாய். ஒன்றுமில்லை என்று வந்ததற்காக நானும் அய்யாவும் இராமேஸ்வரம் போய் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வந்தோம். ஈரத் துணியை மாற்றிக்கொண்டு சன்னதியில் நின்று அவரும் கும்பிட்டார் பூங்கோதை, எல்லாம் தெரிந்துகொண்டே கும்பிட்டார். களை எடுக்கப் போன இடத்தில் பெண்கள் கட்டி பெரிசாத் தெரியுதே என்று கேட்கும்போதெல்லாம், என் மக ரிப்போர்ட்டப் பாத்துட்டா, ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒன்றரை வருஷம்.

கார்த்திகையில் சோறு விழுங்க முடியாமல் போனதும் மதுரைக்குப் போனோம். டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டைக் கேட்டார், அய்யா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நீ பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போன தாள், அது அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. படித்துவிட்டு, இதில திரும்ப எடுக்கணும்னு எழுதியிருக்கே, ஏன் எடுக்கலைன்னு கேட்டார். நான், ஒண்ணுமில்லைன்னுதானே வந்துச்சு, ஊசி தப்பாச் சொல்லிருச்சா அம்மா என்றேன். அவர் நாற்காலியை இழுத்து என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இந்த ஊசி பெரும்பாலும் சரியாத்தாம்மா சொல்லும், சில நேரம் தப்புறதும் உண்டு. ஆனா உங்களுக்கு அது தப்பாச் சொல்லலை, எதையுமே சொல்லலை. முடிவு சொல்றதுக்குச் செல் போதலை, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே மறுபடி எடுங்கன்னுதான் இருக்கு, என்றார். நான் அய்யாவைப் பார்த்தேன். அவர் ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்தார்.

வெளியே வந்து மரத்தடியில் வைத்து அவரைக் கேட்டேன். அந்தப் புள்ளைக்கு விசா வந்துருச்சு, சொன்னா நீ போகவிட மாட்டே, அது போய்ச் சேரட்டும், அறுப்பு முடியவும் எடுத்துக்கலாம்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம், அப்புறம் நீ நல்லாத்தானே இருந்தே என்று சொன்னார். நான் விடமாட்டேன் என்று யாரம்மா உனக்குச் சொன்னது? நீ நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்று அவரோடு மூன்று மாதம் மல்லுக்கு நின்றவள் நான். விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தால் உன்னை பஸ் ஏற்றிவிட்டு நானே தனியாகப் போய் ஊசி வைத்துக்கொண்டு வந்திருப்பேன். என் கழுத்தில் இருந்ததைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்தீர்கள், என்னைச் சேர்க்கவில்லை. கேன்சர் செல் தெரியவில்லை என்று நீ சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஸ்கேன் வைத்து எடுத்த இரண்டாவது ஊசியில் கேன்சர் இருக்கிறது என்று வந்தது, மார்கழியில் தைராய்டு முழுவதையும் எடுத்தார்கள், பக்கத்தில் பரவியிருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து. அப்பவே பார்த்திருந்தால் பாதியை எடுத்ததோடு போயிருக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது என்றார். மெதுவாக வளரும் வகையாம், மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு ஒழுங்காக வந்து காட்டினால் நன்றாக இருக்கலாம் என்கிறார். அவர் சொல்வதை நம்புகிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் அய்யாவின் போன் நம்பரை அடித்துவிட்டு என் நம்பரை எழுதச் சொல்லிவிட்டேன்.

இதற்காக நீ லீவு போட்டு வர வேண்டாம். உனக்கு வரத் தோன்றும்போது வா, சோறு போடாமல் இருக்க மாட்டேன். கோபம் தீரவில்லை, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. எங்கே இருந்தாலும் நீ நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, மகள்களும் ஒரு தடவை கழுத்தைக் காட்டிக்கொள்வது நல்லது என்று டாக்டரம்மா சொன்னார். இந்த மாதமே பார். என்ன எழுதிக் கொடுக்கிறார்களோ அந்தத் தாளை மேலிருந்து கீழ் வரை அப்படியே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நீ படித்துச் சொல்ல வேண்டாம், நான் டாக்டரம்மாவிடம் கொடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா,
கு. இராமலட்சுமி